ஆமிக்கு நான் போட்ட விண்ணப்பம்

பக்கத்து வீட்டு அக்கா இன்றைக்கும் என் சின்ன மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்து, கை கால் கழுவ வைத்து, பாணில் ஜாம் பூசிக் கொடுக்கிறார். நான் வேலை முடிந்து போய் நன்றி சொல்கிறேன். அவர் "இதுக்கு என்ன பிள்ளை நன்றி" என்கிறார். ஆறு வருடமாக இதே பேச்சுத்தான். முன்பெல்லாம் அதற்குப் பிறகு அவருடைய குசினிக் கதிரையில் அரை மணி நேரமாவது இருந்து கதைப்பேன். இப்போது நான் அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதில்லை.

இந்த நகரத்தின் மேற்கு ஓரத்தில், வெஸ்ட்கேட்டில் புதிதாகக் கட்டிய வரிசை வீடுகளில் எங்களுடையது ஒன்று. எல்லா வீடும் ஒரே சாம்பல் நிறம், ஒரே கதவு. வந்த புதிதில் என் கணவர் எங்கள் சாவியைப் பக்கத்து வீட்டுக் கதவில் போட்டுத் திருப்பிக்கொண்டு நின்றார். உள்ளே இருந்து "ஆரது?" என்று ஒரு குரல் வந்தது. கதவு சங்கிலி நீளத்துக்கு மட்டும் திறந்தது. ஒரு கண் தெரிந்தது. நான் ஓடிப்போய்த் தமிழில் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் சங்கிலி கழன்றது. அப்படித்தான் அக்காவைத் தெரியும். யாழ்ப்பாணத்துக்காரி, அகதியாக இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்து ஓய்ந்தவர். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. என் சின்னவளுக்கு அப்போது எட்டு மாதம். அன்று பின்னேரமே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார், அதற்குப் பிறகு இறக்கவே இல்லை.

நான் ஒரு தாதி. இந்த நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் சத்திரசிகிச்சைக் கூடத்தில் பதினொரு வருடமாக வேலை. அங்கே என் வேலை நீட்டுவது. கத்தியை நீட்டு, இடுக்கியை நீட்டு, பஞ்சை எண்ணு, எண்ணியது சரியா என்று இன்னொரு தடவை எண்ணு. நன்றாகவே செய்வேன், அதில் எனக்குத் தன்னடக்கம் கிடையாது. ஆனால் பதினொரு வருடமும் என் கண் மேசையின் தலைப்பக்கம்தான். மயக்க மருந்து டொக்டர் அங்கேதான் நிற்பார். படுத்திருக்கும் ஆள் பயத்தில் விறைத்துப்போயிருப்பார். டொக்டர் அவரோடு நாய்க்குட்டியைப் பற்றியோ மீன்பிடியைப் பற்றியோ கதைத்துக்கொண்டே ஊசியை ஏற்றுவார். பாதி வசனத்தில் அந்த முகம் தளரும். அதைப் பார்க்க எனக்கு ஒரு நாளும் அலுத்ததில்லை.

அதற்குக் காரணம் உண்டு. எனக்கு ஒரு அண்ணா இருந்தான். வன்னியில் சண்டை முற்றிய காலத்தில், ஆயுதம் தூக்கிய இயக்கம் வீட்டுக்கு ஒருவரைக் கேட்டது. அண்ணா தானாகப் போகவில்லை, பிடித்துக்கொண்டு போனார்கள். ஏழு மாதம் கழித்து ஒரு பள்ளிக்கூடத்தில் அவனைக் கண்டேன். வகுப்பறையை ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். வலது காலை எடுக்க வேண்டும் என்றார்கள். மயக்க மருந்து முடிந்துபோயிருந்தது. "தலையைப் பிடிச்சுக்கொள் தங்கச்சி" என்று டொக்டர் சொன்னார். பிடித்துக்கொண்டேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அண்ணா அதற்குப் பிறகு இரண்டு நாள் இருந்தான். இதற்கு மேல் நான் யாருக்கும் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை.

இந்த நாட்டில் ஒரு தாதி அந்தத் தலைப்பக்கத்துக்குப் போவது லேசான காரியமில்லை. வேலையை விட்டுவிட்டு முதலிலிருந்து படிக்க வேண்டும். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது எனக்கு நடக்காது. ஆனால் ராணுவத்தில் ஒரு பயிற்சித் திட்டம் இருந்தது. அனுபவமுள்ள தாதியரைச் சேர்த்து, வேலையில் வைத்துக்கொண்டே மயக்க மருந்துக்குப் பழக்குவார்கள். பிறகு அவர்கள் அனுப்பும் இடத்துக்கெல்லாம் போக வேண்டும். புயலடித்த தீவாக இருக்கலாம், நிலம் நடுங்கிய ஊராக இருக்கலாம். ஒரு கூடாரம், அதற்குள் ஒரு மேசை, அதன் தலைப்பக்கத்தில் நான். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு அறையின் பலகையில் அந்த அறிவித்தலைப் பார்த்த அன்று என் சோறு ஆறிக் கல்லாகிவிட்டது. கடைசி வரியில் வயது வரம்பு இருந்தது. எனக்கு அந்த வருடம்தான் மிச்சம்.

என் கணவர் திருச்சிக்காரர். எல்லர்ஸ்லியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. நல்ல மனிதர், ஆனால் எதையும் இரண்டு தடவை சொன்னால்தான் காதில் ஏறும்.

"ஆர்மியா? நீயா? ஆர்மின்னு சொன்னாலே ஓடுவோம்னு நீதானே சொல்லுவ?"

"இது வேறை ஆமி."

"எல்லா ஆர்மியும் ஆர்மிதான்மா."

"இந்த ஆமி என்னைத் துரத்தேல்லை" என்றேன். மூன்றாம் நாள் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு கால அட்டவணை ஒட்டியிருந்தது. யார் சமைப்பது, யார் துணி தோய்ப்பது, யார் பெரிய மகளை நெட்போல் விளையாட்டுக்குக் கூட்டிப்போவது, எல்லாம் நிறம் நிறமாக. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதே வாரம் ஒரு பிறந்தநாள் வீட்டில் அவருடைய சிநேகிதர்கள் என்னைப் பற்றி விசாரித்தபோது, "ஏதோ கோர்ஸ் பண்றா" என்று சொன்னார். ராணுவம் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. காரில் வரும் வழியெல்லாம் அவரை உண்டு இல்லை என்று ஆக்கினேன். "வெட்கமா உங்களுக்கு? என்னத்துக்கு ஒளிக்கிறியள்?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நான் கேட்டேன் என்பதை வாசிப்பவர்கள் மறக்க வேண்டாம்.

பிறகு உடற்தகுதித் தேர்வுக்குத் தயாரானேன். விடிகாலையில் வெஸ்ட்கேட்டின் புது ரோட்டுகளில், இன்னும் வீடு கட்டாத காணிகளைச் சுற்றி ஓடினேன். கோயிலில் ஒருத்தி "மெலியிறதுக்கோ?" என்று கேட்டாள், இன்னொருத்தி "சுகர் வந்திட்டுதோ?" என்றாள். வரவேற்பறைக் கம்பளத்தில் தண்டால் எடுக்கும்போது சின்னவள் என் முதுகில் ஏறி இருந்துகொண்டு ஆங்கிலத்தில் எண்ணுவாள். ஏழுக்குப் பிறகு ஒன்பது என்பாள். எனக்கு அதில் ஆட்சேபணை இருக்கவில்லை. பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது. தன் அறை வாசலில் கை கட்டி நின்று பார்த்துவிட்டு, "நீ போனால் என் மேட்சுக்கு யார் வருவது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "அப்பா வருவார்" என்று தமிழில் சொன்னேன். "அப்பாவுக்கு விதிகளே தெரியாது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். எங்கள் வீட்டில் சண்டைகூட இரண்டு மொழியில்தான் நடக்கும். ஆனாலும் மறுநாள் ஓடினேன்.

விண்ணப்பத்தை எழுதியது ஆல்பனியில், காருக்குள். பெரியவளுக்குச் சனிக்கிழமைகளில் அங்கே பயிற்சி. ஸ்டீயரிங்கில் மடிக்கணினியைச் சாத்தி வைத்துக்கொண்டு எழுதுவேன். படிவத்தில் குடும்பம் என்று ஒரு பக்கம் இருந்தது. பெற்றோர், சகோதரர், அவர்களில் யாராவது ஆயுதக் குழு எதிலாவது இருந்தார்களா, இருந்தால் விபரம் எழுதவும்.

படிவம் நிரப்புவதில் எங்கள் ஆட்களை யாரும் அடிக்க முடியாது. எதை விடுவது, எந்த ஊரை மாற்றுவது, யாரை இல்லாமல் ஆக்குவது என்பதெல்லாம் எங்களுக்குக் கைவந்த வேலை. வன்னியை விட்டு வெளியே வரப் பாஸ் எடுக்க ஒரு கதை, சோதனைச் சாவடிக்கு ஒரு கதை, விசாவுக்கு ஒரு கதை. பொய் சொல்ல ஆசைப்பட்டு அல்ல, உயிரோடு இருக்க வேண்டியிருந்தது. நான் அந்தக் காரில் இருந்துகொண்டு முடிவு எடுத்தேன், இது வேறு நாடு, இனி ஒளிக்கிற வேலை வேண்டாம். சகோதரர் என்ற இடத்தில் அண்ணாவின் பெயரை முழுதாக எழுதினேன். பிடித்துக்கொண்டு போனதை எழுதினேன். ஏன் மயக்க மருந்து படிக்க விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு அந்த வகுப்பறையை எழுதினேன். பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக அவன் பெயரை ஒரு அரசாங்கத் தாளில் எழுதியிருக்கிறேன். எனக்குப் பெருமையாக இருந்தது. பெரியவள் வேர்வையோடு வந்து காரில் ஏறி, "ஏன் அழுகிறாய்?" என்றாள். வெங்காயம் என்றேன். காருக்குள் எங்கே வெங்காயம் என்று அவள் கேட்கவில்லை.

சாட்சி சொல்ல மூன்று பேரின் பெயர் கேட்டார்கள். இரண்டு பேர் வேலை இடத்திலிருந்து, அது சுலபம். மூன்றாவது ஆள் உறவினராக இருக்கக் கூடாது, ஐந்து வருடமாவது என் வீட்டு வாழ்க்கையைப் பார்த்தவராக இருக்க வேண்டும். பாதுகாப்புச் சோதனைக்காக அவரை நேரில் போய்க் கேட்பார்கள். என் வீட்டை உள்ளும் புறமும் தெரிந்த ஒரே ஆள் அக்கா. அண்ணாவின் கதை என் கணவருக்கு அடுத்தபடியாகத் தெரிந்த ஒரே ஆளும் அவர்தான்.

நான் போனபோது அவர் ரோல்ஸுக்குக் கிழங்கு மசித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒரு ஆள் வந்து என்னைப்பற்றிக் கேப்பார். உங்கடை பேரைக் குடுக்கட்டோ?"

"ஆர் வருவினம்?"

"வேலை விசயமா. நான் எப்பிடிப்பட்ட ஆள் எண்டு கேப்பினம். உள்ளதைச் சொன்னால் காணும்."

"ஓம், குடு. உன்னைப்பற்றி நான் சொல்லாமல் வேறை ஆர் சொல்லுறது?"

ராணுவம் என்று நான் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்தது. அவருடைய முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும், அதைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கிடைத்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். கணவரைக் காரில் வைத்துக் கிழித்த அதே நான்.

எல்லாம் நன்றாக நடந்தது. ஓட்டத்தில் தேறினேன். நேர்முகத் தேர்வில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த பெண் அதிகாரி என் பதிலைக் கேட்டுவிட்டுப் பேனையைக் கீழே வைத்தார். வெளியே வந்து கைகுலுக்கும்போது, உங்களைப் போன்ற ஆட்கள் எங்களுக்கு வேண்டும் என்று சொன்னார். வீட்டுக்கு வந்து கணவரிடம் அதை நாலு தடவை சொல்லியிருப்பேன். அவர் கேசரி கிண்டினார். அட்டவணையில் அன்று சமையல் என் முறை.

மூன்று வாரம் கழித்து அதே பெண் அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். நான் ஆஸ்பத்திரி நடையில், தலையில் பச்சைத் தொப்பியோடு நின்றேன். குரலில் மரியாதை இருந்தது, முன்பிருந்த சூடு இல்லை. உங்களை நீண்ட காலமாகத் தெரிந்த பெண்மணியை எங்கள் ஆள் ஒருவர் போய்ப் பார்த்தார். உங்களுக்குச் சகோதரர் யாரும் இல்லை, நீங்கள் ஒரே பிள்ளை என்று அவர் உறுதியாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் சண்டை நடந்த பகுதியில் இருந்ததே இல்லை என்றும் சொல்லியிருக்கிறார். உங்கள் விண்ணப்பத்தின் முக்கியமான பகுதியே உங்கள் அண்ணா. இதில் எது உண்மை?

"எனக்கு அண்ணா இருந்தான்" என்றேன்.

அதற்கு ஏதாவது ஆவணம் இருக்கிறதா என்று கேட்டார். பிறப்புச் சான்றிதழ், குடும்பப் புகைப்படம், மரணப் பதிவு. நான் ஒவ்வொன்றாக யோசித்தேன். பதிவு செய்த கந்தோர் எரிந்துபோனது. வேறு எங்காவது பிரதி இருந்தாலும் எடுக்க மாதக்கணக்கு ஆகும், அவர்களுக்கு இரண்டு வாரத்தில் முடிவு வேண்டும். புகைப்பட அல்பம் இருந்த பையை, சண்டைக்குள்ளிருந்து தப்பித் தண்ணீரைக் கடக்கும்போது விட்டோம். மரணத்தைப் பதிய அங்கே யார் இருந்தது? அம்மா அப்பா இப்போது இல்லை. இருபத்திரண்டு வருடம் இந்த உலகத்தில் சோறு தின்று, கிரிக்கெட் விளையாடி, என் தலையில் குட்டித் திரிந்த ஒருவனைக் காட்ட என்னிடம் ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

அந்தப் பெண் கெட்டவர் அல்ல. சாட்சியை இப்போது மாற்றினால் அது இன்னும் சந்தேகமாகத் தெரியும், அதனால் அதே பெண்மணியை நானே தொலைபேசியில் இன்னொரு தடவை கேட்கிறேன் என்றார். வருகிற வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு. அழைப்பு வரும் என்பதை அவருக்குச் சொல்லலாம், என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுக்கக் கூடாது, அது தெரிந்தால் விண்ணப்பம் அங்கேயே முடிந்துவிடும் என்றார். சரி என்றேன்.

அன்று பின்னேரம் அக்காவின் குசினியில் நின்றுகொண்டே கேட்டேன். "ஏனக்கா அப்பிடிச் சொன்னனீங்கள்? எனக்கு அண்ணா இல்லையோ?"

அவர் பதறவில்லை. தான் செய்த நல்ல காரியம் ஒன்றை நான் கண்டுபிடித்துவிட்டதைப் போலத் தணிந்த குரலில் சொன்னார். "நிண்ட நிலையிலேயே தெரிஞ்சது பிள்ளை, ஆமிக்காரன் எண்டு. சாதாரணச் சேட்டுப் போட்டு வந்தால் எனக்குத் தெரியாதோ? வந்து இருந்தவன், முதல் கேள்வியே, அவவுக்குச் சகோதரங்கள் இருக்கினமோ எண்டு. எனக்கு நெஞ்சு பக்கெண்டது. ஒருத்தரும் இல்லை எண்டிட்டன். நல்ல வேளை, நான் இருந்தன். வேறை ஆரும் எண்டால் உளறியிருப்பினம்."

நான் உண்மையைச் சொன்னேன். வேலை ராணுவத்தில் என்றேன், நானே கேட்டுப் போட்டது என்றேன், அண்ணாவைப் பற்றி நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அக்கா கதிரையை இழுத்து இருந்தார். கொஞ்ச நேரம் மேசைத் துணியின் மடிப்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எனக்கு இருவத்திரண்டு வயசு" என்றார். "ஆமிக்காரர் வாசல்லை வந்து நிண்டு கேட்டவங்கள், முன்வீட்டிலை பொடியன் இருக்கிறானோ எண்டு. ஓம், ரியூசனுக்குப் போயிட்டான் எண்டு சொன்னன். உள்ளதைத்தானே சொன்னன், பிள்ளை. ரியூசன் வாசல்லை வைச்சு ஜீப்பிலை ஏத்தினவங்கள். பிறகு அவன் வரேல்லை. அந்தத் தாய் பதினொரு வருசம் எனக்கு முன்னாலை இருந்தவ. ஒரு நாளும் என்னோடை கோவிக்கேல்லை. என்னோடை கதைக்கவும் இல்லை."

அக்கா இதை எனக்கு முன்பு சொன்னதில்லை. நான் கேட்ட விதத்துக்கு வெட்கமாக இருந்தது. அதே நேரம், ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு அவர்மேல் கோபம் குறையவும் இல்லை. அவருடைய காயம் அவருக்கு, என் வாழ்க்கை எனக்கு என்றுதான் நினைத்தேன்.

சொல்லிக்கொடுக்கக் கூடாது என்றார்கள். நான் சொல்லிக்கொடுத்தேன். புதன்கிழமை முழுப் பின்னேரமும் அந்த மேசையில் ஒத்திகை நடந்தது. நான் அதிகாரியாக நடித்து ஆங்கிலத்தில் கேட்பேன். அக்கா, "யெஸ் மேடம், ஷீ ஹாட் வன் பிரதர், ஹீ டைட்" என்பார். பத்துத் தடவை சொன்னார், பத்துத் தடவையும் சரி. இடையில் ஒரு தடவை இருவரும் சிரித்துக்கூட விட்டோம். "நாளைக்கு நீயும் பக்கத்திலை இரு பிள்ளை. நீ இருந்தால் எனக்குப் பயமில்லை" என்றார். நான் லீவு போட்டேன்.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தோம். அந்தப் பெண் அதிகாரி தன்மையாகத் தொடங்கினார், நேரம் ஒதுக்கியதற்கு நன்றி சொன்னார். பிறகு கேட்டார், நீங்கள் இப்போது தனியாகவா இருக்கிறீர்கள், சுதந்திரமாகக் கதைக்க முடியுமா?

இந்தக் கேள்வி எங்கள் ஒத்திகையில் இல்லை. அக்கா என்னைப் பார்த்தார். நான் அங்கே இருக்கிறேன் என்று சொன்னால் எல்லாம் அதோடு முடிந்தது.

"எலோன், மேடம்" என்றார் அக்கா. "நோபடி ஹியர்."

அந்தப் பதிலோடு அவருடைய குரல் மாறிவிட்டது. எனக்கு அந்தக் குரலைத் தெரியும். சாவடியில் அடையாள அட்டையை நீட்டும்போது எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் வரும் குரல் அது. சின்னதாக, வழுவழு என்று, பிடிப்பதற்கு எதுவும் இல்லாமல். ஒளித்து வைத்திருக்கும் ஒரு ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆமிக்குப் பதில் சொல்லும் பெண்ணாக அவர் ஆகிவிட்டார். பிறகு அவருக்கு ஒரு வழிதான் தெரியும்.

அவருக்குச் சகோதரர் இருந்ததாக எப்போதாவது உங்களிடம் சொல்லியிருக்கிறாரா?

நான் தலையை ஆட்டினேன். மேசையில் கிடந்த மின்சாரக் கடித உறையைத் திருப்பி, 'ஓம்' என்று பெரிதாக எழுதி அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். அக்கா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நோ மேடம். நோ பிரதர். வெரி குட் கேர்ள். ஐ டோன்ட் நோ எனிதிங்."

உறுதியாகத்தானா என்று அந்தப் பெண் இன்னொரு தடவை கேட்டார். அவர் குரலில் எனக்காக ஒரு கெஞ்சல் இருந்ததாகக்கூட எனக்குப் பட்டது. அக்கா மறுபடியும் அதையே சொன்னார்.

நான் கை நீட்டித் தொலைபேசியை எடுத்திருக்கலாம். நான் இங்கேதான் இருக்கிறேன், இந்த மனுஷி எனக்காகப் பயந்து பொய் சொல்கிறார் என்று கத்தியிருக்கலாம். நான் செய்யவில்லை. அழைப்பு முடிந்த பிறகுதான் கவனித்தேன், என் இரண்டு காலும் நிலத்தில் இல்லை. கதிரைமேல் தூக்கி மடித்து வைத்திருந்தேன். ஒரு கையால் வாயைப் பொத்தியிருந்தேன். குண்டு விழும்போது பங்கருக்குள் அப்படித்தான் இருப்போம். வெஸ்ட்கேட்டில், நல்ல வெயிலில், பக்கத்து வீட்டில் யாரோ புல் வெட்டிக்கொண்டிருக்க, நான் மூச்சு விடாமல் ஒளிந்திருந்திருக்கிறேன்.

அக்கா என் கையைத் தட்டினார். அவருடைய உள்ளங்கை ஈரமாக இருந்தது. "போயிட்டாங்கள் பிள்ளை" என்றார். "இனி வரமாட்டாங்கள்." என்னிடம் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் இருந்தது ஆறுதல். எழுந்து வாசலைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், திரைச்சீலையை இழுத்து விட்டார். பிறகு தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார்.

நான் குடிக்காமல் எழுந்து வந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அக்காமேல், அவரை இப்படி ஆக்கியவர்கள்மேல், தனியாகவா இருக்கிறீர்கள் என்று கேட்ட அந்த நல்ல பெண்மேல். எல்லோரையும் விட என்மேல். முதல் நாளே 'ராணுவம்' என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் அவர் "எனக்கு ஏலாது பிள்ளை" என்றிருப்பார், நான் வேறு யாரையாவது தேடியிருப்பேன்.

திங்கட்கிழமை மின்னஞ்சல் வந்தது. நீங்கள் தந்த தகவல்களை உறுதிப்படுத்த முடியாததால் உங்கள் விண்ணப்பத்தைத் தொடர முடியவில்லை. உங்கள் எதிர்கால முயற்சிகளுக்கு வாழ்த்துகள். வாழ்த்துக்கு மட்டும் குறைவே இல்லை. அண்ணாவை அந்த ஒரு வரியில் இரண்டாம் தரமும் அனுப்பிவிட்டார்கள்.

கணவருக்குக் கோபம். "நீ ஃபோன்ல பேசியிருக்கலாம்ல? நான் இங்கதான் இருக்கேன், இதுதான் உண்மைன்னு?"

"நான் சொல்லிக் குடுத்தது தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சா என்ன? உண்மையத்தானே சொல்லிக் குடுத்த."

அவர் கேட்டது நியாயம். ஆனால் அவர் வாழ்நாளில் ஒளிந்ததெல்லாம் கணக்கு வாத்தியாருக்குத்தான். அவருக்கு அதை எப்படி விளங்கப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. அட்டவணையைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நானே உரித்தேன். அவர் நல்ல பசையாகப் பார்த்து ஒட்டியிருந்தார், மூலைகள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. பெரியவள் ஒரு நாள் தானாக வந்து, தமிழில், "கவலைப்படாதேங்கோ அம்மா" என்றாள். அவளுடைய மேட்சுகளுக்கு இப்போது நான் தவறாமல் போகிறேன். எனக்கும் விதிகள் சரியாகத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் இன்னும் நீட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். தலைப்பக்கத்தைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டேன். வயது வரம்பு தாண்டிவிட்டது. அண்ணாவின் பெயரை எழுத வேறு எந்தப் படிவமும் எனக்கு வரவில்லை. சின்னவளைப் பார்க்க வேறு ஆளைத் தேடினால் என்ன என்று ஒரு வாரம் யோசித்தேன். அவள் அக்காவின் மடியை விட்டு எங்கே போவாள்? நானும் அக்காவோடு கோபிக்கவில்லை.

போன மாதம் ஒரு நாள் நான் வாசலில் நின்று பையை வாங்கும்போது அவராகவே கேட்டார்.

"அந்த வேலை என்ன மாதிரிப் பிள்ளை?"

"கிடைக்கேல்லை அக்கா."

சின்னவளின் தலையை வருடினார்.

"பறவாயில்லை விடு. ஆனாப் பாத்தியே, அதுக்குப் பிறகு உன்னைத் தேடி ஒருத்தரும் வரேல்லை."

"ஓம் அக்கா" என்றேன். "ஒருத்தரும் வரேல்லை."